தலைகீழாக ஓடிய கல்யாணக் கேசட்டு

அன்றைக்கு அம்மா போனில் "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏண்டி, அந்த வெளையாட்டுப் பொட்டி இன்னும் ஒங்கிட்ட இருக்கா? அதுல கேசட்டு ஓடும்னு சொன்னியே, ஓடுமா?"

பேசுவது அம்மாதானா என்று போனை எடுத்துப் பெயரைப் பார்த்தேன். அந்தப் பெட்டி தொலைந்து போக வேண்டும் என்பது என் கல்யாணத்திலிருந்து அம்மா வைத்திருந்த வேண்டுதல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கிய கேம் கன்சோல். கல்யாணமாகி நாகமலை புதுக்கோட்டைக்குக் குடிவந்தபோது, பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதைப் பொத்திக் கொண்டுவந்தேன். "தாலி ஏறின பொறவும் காரு ஓட்டி வெளையாடுவியா? பாக்குறவுக சிரிக்க மாட்டாக?" என்று அம்மா வண்டி கிளம்பும்வரை திட்டினாள். இப்போது அதே பெட்டியை நலம் விசாரிக்கிறாள்.

காரணம் என் இரண்டு தாய்மாமன்கள். பெரிய மாமா அம்மாவுக்கு அண்ணன், சின்ன மாமா தம்பி. இரண்டு பேருக்கும் கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தடுத்த வயல், அடுத்தடுத்த வீடு. என் கல்யாணத்தன்று பேச்சை நிறுத்தியவர்கள், அதன்பிறகு பேசவே இல்லை. எனக்குத் தாய்மாமன் மாலையை யார் முதலில் போட்டது என்பதுதான் சண்டை. தம்பிக்காரன் தன்னை இடித்துக்கொண்டு முந்திவிட்டான் என்பது பெரிய மாமாவின் கட்சி. அண்ணன் போட்ட பிறகுதான் போட்டேன் என்பது சின்ன மாமாவின் கட்சி. மாலைக்குள் தலை குனிந்திருந்த எனக்கு இரண்டு பேருடைய வேட்டிக் கரை மட்டுந்தான் தெரிந்தது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் கழுத்தில் இரண்டு மாலையும் இருக்கின்றன.

அடுத்து என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை வைக்கப் போன அம்மாவிடம் பெரிய மாமா, "கேசட்ட போட்டுப் பாரு. நான் சொல்றது பொய்யின்னா மொத ஆளா மண்டபத்துக்கு வாரேன். நெசமின்னா அவன் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். சின்ன மாமாவும் அதையே திருப்பிச் சொன்னார். அவர்கள் கேசட்டு என்று சொன்னது கல்யாண சிடியை. அது அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் போட்டுப் பார்க்க ஊரில் ஒரு வீட்டிலும் பிளேயர் இல்லை. லேப்டாப்பிலும் இப்போதெல்லாம் சிடி போட வழி கிடையாது. சொந்தத்திலேயே சிடி ஓடக்கூடிய ஒரே சாமான் என்னுடைய பெட்டிதான்.

"அம்மா, அது கொஞ்ச நாளா டிஸ்க்க எடுக்கவே மாட்டேங்குது. கிர்ருங்குது, துப்பிருது" என்றேன்.

"நாங்க வந்தா எடுக்கும்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஒரே பஸ். பெரிய மாமா முன்வாசல் வழியாக இறங்கினார், சின்ன மாமா பின்வாசல் வழியாக. அம்மா பஸ்ஸுக்குள்ளும் நடுவில்தான் உட்கார்ந்து வந்தாளாம். வீட்டு சோபாவிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். என் கணவர் காபி கொண்டுவந்து நீட்டினார். "அவருக்குக் குடுங்க மாப்ள" என்று சின்ன மாமா கூரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு அவசரமில்லன்னு சொல்லுத்தா" என்று பெரிய மாமா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். காபி கொஞ்ச நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. கடைசியில் அம்மா எடுத்துக் குடித்துவிட்டாள்.

நான் சிடியைச் செருகினேன். பெட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. கிர்ர் என்றது. டக்டக் என்று எதையோ தேடியது. டிவியில் 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று வந்தது. பிறகு சிடி மெல்ல வெளியே வந்து நாக்கை நீட்டியதுபோல நின்றது.

"தூசியா இருக்கும்" என்று பெரிய மாமா எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டால் சிடியைப் பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்த்தார்.

"யக்கா, அப்படிச் சுத்தித் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லு. கோடு விழுந்துரும்" என்றார் சின்ன மாமா.

"எனக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்ச லட்சணந்தான் தெரியுதேன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்கன்னு நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

பெட்டி மறுபடியும் துப்பியது. சின்ன மாமா வாங்கி ஊதிப் பார்த்தார். நான் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். அம்மா தன் பங்குக்குப் பெட்டியின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. பெரிய மாமாவின் முகம் மாறிவிட்டது. "வேணும்னே ஓட விடாமப் பண்றாகளோ?" என்று அவர் காற்றிடம் கேட்டபோது, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

என் கணவருக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு பேங்க்கில் வேலை. பக்கத்து மாடியில் இந்த மாதிரிச் சாமான்களை ரிப்பேர் பார்க்கும் ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"லென்ஸ் வீக்காயிருச்சு சார். மாத்தணும். அவசரம்னா ஒண்ணு செய்ங்க, பொட்டியத் தலைகீழாத் திருப்பி, லேசா சாச்சுப் பிடிங்க. சில நேரம் எடுக்கும். இன்ஷா அல்லா."

"எம்புட்டு நேரம் ஓடும் பாய்?" என்று அம்மா குறுக்கே கேட்டாள்.

"அது அதோட மனசும்மா."

மேசைமேல் கவிழ்த்து வைத்தோம், எடுக்கவில்லை. கையில் தூக்கிச் சாய்த்தபோது எடுத்தது. ஒயர் குட்டை. அதனால் டிவிக்குப் பக்கத்திலேயே யாராவது தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். என் கணவருக்குத் தோள்வலி. நான் ரிமோட்டைப் பிடிக்க வேண்டும். யாரும் சொல்லாமலே பெரிய மாமா ஒரு பக்கம் பிடித்தார். ஒற்றை ஆளால் ஆடாமல் பிடிக்க முடியவில்லை. அம்மா தம்பியை ஒரு முறை முறைத்தாள். சின்ன மாமா மறுபக்கம் போய்ப் பிடித்தார்.

படம் வந்தது. சட்டென்று ஆடி நின்றது.

"டேய், கொஞ்சம் தூக்குடா!" என்றார் பெரிய மாமா.

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நேரடியாகத் தம்பியிடம் பேசிவிட்டார். அவருக்கே அது அப்புறந்தான் உறைத்தது.

"தூக்கித்தாண்ணே இருக்கேன். நீதான் எறக்குற" என்றார் சின்ன மாமா.

வேகமாக ஓட்டினால் பெட்டி கிர்ர் என்று மிரட்டியது. ஆகவே முதலிலிருந்தே முழுசாகப் பார்த்தாக வேண்டும். கோபுரம் வந்தது. பிள்ளையார் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு ரோஜாப்பூ விரிந்து அதற்குள் என் முகம் வந்தது. நாங்கள் இருவரும் ஜென்மத்தில் போகாத ஒரு பனிமலையில் கைகோர்த்து நின்றோம். மாமன்கள் கை கடுக்கக் கடுக்கப் பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல்நாள் ராத்திரிப் பந்தி வந்தது. பெரிய மாமா இலையில் ஓடிய பாயாசத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணாவது தடவ வாங்குறண்ணே."

"நீ மட்டும் என்ன, அப்பளத்த மடியில ஒளிச்சு வச்சிருக்க பாரு."

"டை அடிச்சு ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்திருக்கீக" என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள். பெட்டி குலுங்கிப் படம் நின்றது. "சிரிக்காதீக!" என்று நான் கத்தினேன்.

பிறகு மேடை வந்தது. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். வலப்பக்கமிருந்து பெரிய மாமா மாலையோடு வருகிறார். இடப்பக்கமிருந்து சின்ன மாமா மாலையோடு வருகிறார். அம்மா சோபா நுனிக்கு நகர்ந்தாள். இரண்டு மாலையும் என் தலைக்கு மேலே உயர்ந்தன.

அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்கச் சிவப்பு சிவப்பாக இதயங்கள் பறந்தன. பின்னாலேயே ஒரு தாமரை மொட்டு வந்து நிதானமாக விரிந்தது. அது விரிந்து முடிந்தபோது என் கழுத்தில் இரண்டு மாலையும் இருந்தன.

"பின்னாடி ஓட்டு, பின்னாடி ஓட்டு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஓட்டினேன். மறுபடி இதயம், மறுபடி தாமரை. மூன்றாம் தடவை பெட்டி கிர்ர் என்று நீளமாக இழுத்து, படத்தை விட்டுவிட்டது. அதற்குமேல் எந்தச் சாய்ப்புக்கும் அது எடுக்கவில்லை.

பெரிய மாமா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறினார். "எவன்டா அந்த வீடியோக்காரன்?"

"நத்தம் போற ரோட்டுல கடை வச்சிருந்தாண்ணே. இப்பக் காணோம்."

"கெடச்சான்னா நான் சும்மா விட மாட்டேன்."

"நானும் வாரேன்."

அன்று மத்தியானம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வீடியோக்காரனைத் திட்டிக்கொண்டே கறிக்குழம்பு சாப்பிட்டார்கள். மாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. திரும்பும்போது சின்ன மாமா பஸ்ஸில் ஓடி ஏறித் துண்டைப் போட்டு அண்ணனுக்கு இடம் பிடித்தார். அம்மாவுக்கு இடம் பிடிக்க மறந்துவிட்டார்.

மறுவாரம் பாய் லென்ஸை மாற்றித் தந்தார். என் கார்கள் பழையபடி ஓடின. ஆனால் துண்டால் தேய்த்த சிடியைப் பார்த்து, "இத யாரு சார் தேங்கா நாரால வெளக்குனது?" என்று பாய் வருத்தப்பட்டாராம்.

தங்கச்சி கல்யாணத்தில் வீடியோ பொறுப்பைப் பெரிய மாமாவே ஏற்றுக்கொண்டார். "பூவு, செவப்பு ஆட்டின், மேகம், எதுவும் நடுவுல வரக்கூடாது. உள்ளத உள்ளபடி எடு" என்று அந்தப் பையனைக் காலையிலிருந்து விரட்டிக்கொண்டே இருந்தார். மாலை போடும் நேரம் வந்தது. இரண்டு மாமன்களும் மாலையோடு மேடையேறினார்கள்.

"நீ போடுண்ணே" என்றார் சின்ன மாமா.

"இல்லடா, நீ போடு" என்றார் பெரிய மாமா, கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"நீ மூத்தவன்."

"நீ எளையவன், ஆசையா வந்திருக்க."

நேரமாகிறது என்று ஐயர் கத்தினார். தங்கச்சி குனிந்த தலையோடு காத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "இந்தக் காலத்துல அண்ணன் தம்பிக்குள்ள இம்புட்டு ஒத்துமைய எங்கம்மா பாக்க முடியுது" என்று கண் கலங்கினார். ஆமாங்கய்யா என்றேன்.