முன் ரத்தம்

2007 மாசியில், பெரியபாளையத்துக்கு வடக்கே அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் சாகத் தொடங்கின. மந்தை ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தது. ஓட்டிவந்தவர் செத்தவற்றை வரப்பில் வரிசையாகக் கிடத்தியிருந்தார். "வெளிச்சத்தப் பாக்க மாட்டேங்குது நைனா. கண்ண மூடிக்கினே சாவுது" என்றார்.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை செய்தேன். செத்த வாத்துகள் கிடந்த வயல்கள் என் ஊருக்கு அடுத்த ஊரில் இருந்தன. அதனால் ஐஸ் பெட்டியைக் கொடுத்து என்னையும், என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணையும் அனுப்பினார்கள். அவர் பழவேற்காட்டுக்காரர். இறால் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் வரப்பிலேயே உட்கார்ந்து, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாத்தின் ஈரலை வெட்டி எடுத்தார். நான் குப்பியின் மேல் தேதி எழுதினேன்.

எதன் மேலும் தேதி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. வாங்கிய புத்தகம், மாற்றிய பல்பு, முதல் மழை எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. ஆய்வகத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். மறுநாளிலிருந்து எனக்கு 'காலண்டர் சார்' என்று பெயர்.

ஈரலில் இருந்தது ஒரு ஹெர்பிஸ் வைரஸ். மனிதர்களுக்கு அக்கி கொடுக்கும் வைரஸுக்குத் தூரத்துச் சொந்தம். இந்த வகை வைரஸ்கள் செல்லின் நடுவில் உள்ள கருவுக்குள் போய்க் குட்டி போடுகின்றன. பிறந்தவை வெளியே வரவேண்டும். ஆனால் கருவைச் சுற்றியுள்ள உறையின் துளைகள் அவற்றுக்குப் போதாது. அதற்காகவே வைரஸ் ஒரு புரதத்தைச் செய்கிறது. அது உறையில் போய் உட்கார்ந்துகொண்டு வழி விடுகிறது. மற்ற ஹெர்பிஸ் வைரஸ்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வாத்து வைரஸில் அந்தப் புரதத்துக்கான மரபணு இருப்பது தெரிந்தது. புரதம் உண்மையிலேயே உண்டாகிறதா, என்ன எடை, எங்கே போய் உட்காருகிறது என்பதை யாரும் பார்த்ததாக நாங்கள் படித்த எதிலும் இல்லை.

அதை அவர் பார்க்கவேண்டியிருந்தது. ஜப்பானில் ஒரு பேராசிரியர் அவரை ஆராய்ச்சி மாணவியாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அங்கே ஏப்ரலில் படிப்பு தொடங்கும். ஜனவரி முடிவதற்குள் இந்தப் புரதத்தைக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினால் இடம் உறுதி. அவருடைய வாப்பாவும் அந்த ஜனவரியைத்தான் கெடுவாக வைத்திருந்தார். "கெடச்சா போ, நானே ஏத்தி வுடறேன். கெடைக்கலன்னா காயல்பட்டணத்துப் பையன பொண்ணு பாக்க வரச் சொல்லிடுவேன்னு சொல்லிட்டாரு" என்று ஒரு மதியம் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கிடைக்கவேண்டும் என்று நான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

பங்குனியிலிருந்து ஆனி வரை மரபணுவோடு போனது. வைரஸிலிருந்து அதை மட்டும் பெருக்கி, வெட்டி, பாக்டீரியாவுக்குள் வைத்தோம். பாக்டீரியா புரதத்தைச் செய்தது, ஆனால் கட்டிகட்டியாக. கரைப்பதற்கு யூரியா வேண்டும்.

"உங்க வயலுக்குப் போடுற மூட்டையில இருந்து ஒரு கை கொண்டாங்களேன், காலண்டர் சார்."

"அதுல கொண்டாந்தா உங்க புரோட்டீன் பயிரா முளைக்கும்."

"முளைக்கட்டும். அறுத்துக்கினு ஜப்பான் போறேன்."

ஆடியில் முயல் வந்தது. கரைத்த புரதத்தை முயலுக்குச் செலுத்தினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அந்த எதிர்ப்புப் பொருள் வாத்துச் செல்லுக்குள் நம் புரதம் எங்கே இருந்தாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதல் ஊசிக்கு முன்னால் முயலின் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து வைக்கவேண்டும். அதை நாங்கள் முன் ரத்தம் என்போம். ஊசிக்குப் பிறகு எடுப்பது பின் ரத்தம். முன் ரத்தம் எதிலும் ஒட்டக்கூடாது, பின் ரத்தம் ஒட்டவேண்டும். அப்போதுதான் ஒட்டியது ஊசியால் வந்தது என்று சொல்ல முடியும். சில முயல்களின் ரத்தம் ஊசி போடாமலேயே கண்டதிலும் ஒட்டும்.

முதல் ஊசி போட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் நிற்காமல் போய், நான் வேப்பிலை வாசனையோடு தாமதமாக வந்து சேர்ந்தேன். அவர் காத்திருந்தார். முயலின் காதை வெளிச்சத்தில் பிடித்து நரம்பைத் தடவி, பிஸ்மி சொல்லி, ரத்தம் எடுத்தார். நான் குழாயில் தேதி எழுதினேன். ஸ்பிரிட் பட்டால் அழியாத பேனா தீர்ந்துவிட்டிருந்தது. ஸ்டோரில் பள்ளிக்கூடத்து மார்க்கர்தான் கொடுத்தார்கள். பின் ரத்தம் எடுத்த நாளிலும் அதே மார்க்கர்தான்.

ஆய்வகத்தில் அவரைப் போலச் சுத்தம் பார்ப்பவர் கிடையாது. எந்தக் குழாயைக் கையில் எடுத்தாலும் முதலில் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். ரம்ஜான் நோன்பு தொடங்கிய வாரம், இரண்டு குழாய்களையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, பனி போகத் துடைத்து, ஸ்டாண்டில் வைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஒன்றுபோல் இரண்டு குழாய்கள். உள்ளே, ரத்தம் உறைந்தபின் பிரித்தெடுத்த தெளிநீர், ஒரே மாதிரி வெளிர் மஞ்சள். பஞ்சில் என் கையெழுத்து நீலக் கறையாக இருந்தது.

முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தீவன வாளியோடு அந்தப் பக்கம் வந்தார். "இன்னாபா, ரெண்டு பேரும் மாப்ள பொண்ணு போட்டோ பாக்குற மாதிரி நிக்கிறீங்க?"

"எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியலக்கா."

"அடப்பாவமே. இம்மாம் படிச்சிட்டு டியூப்பாண்ட தோத்துக்கினு. ரெண்டுத்தையும் டெஸ்ட் பண்ணு, ஒட்டறது பின்னாடி. அவ்ளோதானே?"

எங்களுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆய்வகத் தலைவரிடம் போனோம். அவரை டாக்டர் என்போம், அதிகம் பேசமாட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒட்டுறதால அது பின் ரத்தம்னு சொல்லுவ. பின் ரத்தம்ங்கிறதால ஒட்டிச்சுன்னும் சொல்லுவ. நடுவுல ஆதாரம் எங்க?"

"முயல்கிட்ட மறுபடி எடுத்தா, சார்?"

"பின் ரத்தம் எப்ப வேணா எடுக்கலாம். முன் ரத்தம் இனிமே அந்த முயல்ல கெடையாது. வேற முயல்."

வேறு முயல் என்றால் மறுபடி ஊசிகள், மறுபடி காத்திருப்பு. கையில் ரத்தம் கிடைக்கவே மார்கழி ஆகிவிடும். டாக்டர் அறையிலிருந்து திரும்பியதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பஞ்சை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். நோன்பில் உதடு வறண்டிருந்தது. "போச்சு, காலண்டர் சார். நானே துடைச்சிட்டேன்" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டிய இடம். ஜனவரி இன்னும் போகவில்லை என்று ஏதோ சொன்னேன். அவருக்காக வருந்திக்கொண்டே, அந்த மூன்று மாதங்களை நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் இருக்கமுடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரம் ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கிற எனக்கு, அவர் வராத நாளில் ஆய்வகம் காலியாகத் தெரியத் தொடங்கியது எப்போது என்று தேடினால் ஒரு நாளும் அகப்படவில்லை. வரப்பில் ஈரல் வெட்டிய அன்றா? யூரியா கேட்ட அன்றா? அதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்பதற்கு என்னிடம் எடுத்துவைத்த சாம்பிள் எதுவும் இல்லை.

பெருநாள் முடிந்து புது முயல் வந்தது. இந்த முறை குழாயில் அவரே கண்ணாடி கீறும் பேனாவால் கீறினார். ஒவ்வொரு ஊசி நாளிலும், "தேதி சொல்லுங்க, காலண்டர் சார்" என்பார். தேதி அவருக்குத் தெரியும். நான் ஆங்கில தேதியும் தமிழ் தேதியும் சொல்வேன். அவர் ஹிஜ்ரி தேதியைச் சேர்ப்பார். மாலையில் ரயில்நிலையம் வரை ஷேர் ஆட்டோவில் போவோம். அங்கிருந்து ரயில். அவர் பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டு பஸ் பிடிப்பார். மழைக்காலம். ஜன்னலோரம் நனையும். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் இன்னும் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு ஜப்பான் போயிருப்பார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

மார்கழிக் கடைசியில் ரத்தம் தயார். வைரஸ் ஏறிய செல்லின் புரதங்களை எடைப்படி பிரித்து இரண்டு தாள்களில் பதித்தோம். முன் ரத்தம் ஊற்றிய தாள் வெறுமையாக இருந்தது. பின் ரத்தம் ஊற்றியதில், எதிர்பார்த்த எடையில், மெல்லிசாக ஒரே ஒரு கோடு. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். "வுடும்மா, தீவனம் கொட்டுது" என்றார் அக்கா.

மிச்சம் இருந்தது படம். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள், கறுப்புத் திரை போட்ட அறையில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தோம். எதிர்ப்புப் பொருள் ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும்படி சாயம் சேர்த்திருந்தோம். அந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்த ஒளியில் அது தெரிகிறதோ அந்த ஒளியே அதை அழிக்கும். பார்க்கப் பார்க்க மங்கும். அதனால் கேமரா படம் பிடிக்கும்வரை யாரும் அதிக நேரம் பார்க்கக்கூடாது.

"நீங்க மொதல்ல பாருங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

கண் வைத்தேன். இருட்டில் ஒரு பச்சை வளையம். கருவின் விளிம்பில், கோடு பிசகாமல், வெறும் வளையம். புரதம் உறையில்தான் உட்கார்ந்திருந்தது, வெளியே போகிறவற்றுக்கு வழி விட்டுக்கொண்டு. இன்னும் பார்க்கவேண்டும்போல இருந்தது. ஒளித் தடுப்பை மூடிவிட்டு எழுந்தேன்.

"இருக்கா?"

"இருக்கு. படம் எடுங்க மொதல்ல."

அவர் எடுத்தார். பிறகுதான் கண் வைத்துப் பார்த்தார்.

இடம் உறுதியாகி, மாசியில் ஜப்பானுக்குக் கிளம்பினார். கடைசி நாள், வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சில்லைக் கொடுத்தார். அன்று செல்லுக்குச் சாயம் சேர்த்துவிட்டு, படம் எடுக்காமல் வைத்த இன்னொன்று. "குளிர்ல வைங்க. தேதி போட்டு வைங்க" என்றார். போட்டேன்.

2009 ஆடியில் ஆய்வகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய குளிர்பெட்டிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சில்லை எடுத்துக்கொண்டு திரை போட்ட அறைக்குப் போனேன். ஒன்றரை வருடத்தில் எல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மங்கலாக, ஆனால் இருந்தது. அதே வளையம். இந்த முறை அனுப்பவேண்டிய படம் எதுவும் இல்லை. ஒளித் தடுப்பை மூடவில்லை. பச்சை சாம்பலாகி, சாம்பல் இருட்டாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கதவைத் தட்டினார். "வண்டி நிக்குது. உள்ள இன்னா பாத்துக்கினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். அப்போது அது உண்மையாகியிருந்தது.