தலைகீழாய்த் தொங்கிய ஒன்பது கதிர்கள்

பத்து வருடங்களாக நான் பாலக்கோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். டிசைனர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். என் மனைவி ‘பேனர் அடிக்கறவரு’ என்கிறாள். அவள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து, இருபுறமும் சிங்கம் நிறுத்தி பிறந்தநாள் வாழ்த்து அடித்திருக்கிறேன். கிடா விருந்துக்கு அழைக்கும் பேனரில், அன்று வெட்டப்பட இருந்த கிடாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரே தாமரை பார்டர். கல்யாணத்துக்கும் அதுதான், கண்ணீர் அஞ்சலிக்கும் அதுதான். நிறம் மட்டும் மாறும்.

அந்தத் தாமரையிலிருந்து எனக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது பேட்டர்ன் பிரஷ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பூவை வரைந்து, அதைப் பிரஷ்ஷாகச் சேமித்து வைத்துவிட வேண்டும். பிறகு எந்தக் கோட்டை எப்படி இழுத்தாலும் அந்தக் கோடு முழுக்கப் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடு வளைந்தால் பூவும் வளையும். மூலை திரும்பினால் பூ நசுங்காமல் இருக்க, மூலைக்கென்று தனியாக ஒரு துண்டு வரைந்து வைக்கலாம். வீடியோ பார்த்து இதைக் கற்றுக்கொண்ட வாரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்திரிக்காய் பிரஷ், செருப்பு பிரஷ், டிராக்டர் பிரஷ் என்று செய்து தள்ளினேன். மாமியார் படத்தைச் சுற்றிப் பச்சை மிளகாய் பார்டர் போட்டு மனைவிக்கு அனுப்பினேன். அன்று இரவு எனக்குக் குழம்பு இல்லை, ரசம்தான்.

அவளுக்கு ஆரி வேலை தெரியும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ரவிக்கையின் கழுத்திலும் கையிலும் ஜரியும் மணியுமாகப் போடுகிற வேலை. ஊரில் ஒரு தையல்கடையில் ஏழெட்டு வருடம் போட்டாள். அவள் போட்டதெல்லாம் அந்தக் கடை பெயரில் போனது. போன தைக்குப் பிறகு தானே ஆர்டர் எடுப்பது என்று முடிவு செய்து கடையிலிருந்து நின்றுவிட்டாள். வீட்டு முன்னறையில் இரண்டு தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்து, அதன்மேல் சட்டத்தை வைத்தாள். கைக்கு ஒரு பூ, கழுத்துக்கு ஒரு வரி என்று சின்ன வேலைகள் வந்தன. பிறகுதான் முதல் கல்யாணப் பெண் வந்தாள்.

“இது நல்லா அமைஞ்சா அவங்க ஊர்ல அடுத்த கல்யாணத்துக்கும் நம்மள தேடி வருவாங்க” என்றாள் மனைவி. “இல்லன்னா பழைய கடைக்கே போவணும். போனா சேத்துக்குவாங்க. ஆனா என் மொகத்த ஒரு பார்வ பாப்பாங்க பாருங்க, அதத் தாங்கறது யாரு?”

கல்யாணப் பெண் தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா கொல்லைக்காட்டில் பாடுபடுகிறவர். கிறிஸ்தவக் குடும்பம்; சர்ச்சில் கல்யாணம். கத்திரிப்பூ நிறக் கரை போட்ட வெள்ளைப் பட்டுப்புடவை, அதற்குச் சந்தன நிறத்தில் ரவிக்கைத் துணி. அம்மா போனில் ஒரு படம் காட்டினார். யாரோ ஒருவருடைய ரவிக்கை, கழுத்தைச் சுற்றிக் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும்.

“இந்த மாதிரி வேணுங்களாக்கா?” என்று மனைவி கேட்டாள்.

“இந்த மாதிரிதான். ஆனா கோதும வேணாம். கோதும எங்கூர்ல யாரு வெதச்சாங்க? கேவுருக் கதிரு போடு. எங்கப்பன் காலத்துல இருந்து அதத்தான் தின்னு வளந்தோம். திராட்சை வேற போட்டா கழுத்து நெறஞ்சிரும், அது வேணாம்.”

“அம்மா, கல்யாணத்துக்குப் போய் களிக் கதிரா?” என்றாள் மகள்.

“ஏன், களி தின்னுதான நர்ஸுக்குப் படிச்ச?”

கேழ்வரகுக் கதிர் வரைவது சுலபமில்லை. விரல்களை லேசாக மடக்கிய கை மாதிரி இருக்கும். மனைவி காகிதத்தில் இரண்டு முறை வரைந்து பார்த்துவிட்டு, “சப்பாத்திக்கு மாவு பெசையற கை மாதிரி இருக்குது” என்றாள். அப்போதுதான் நான் குறுக்கே புகுந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

“ஒரு கதிரு போதும். பிரஷ் பண்ணித் தரேன். கழுத்து முழுக்க ஒரே அளவுல, அச்சுல வார்த்த மாதிரி வரும்.”

அவள் வழக்கம் வேறு. காகிதத்தை நடுவில் மடித்து, பாதிக் கழுத்தை மட்டும் வரைவாள். மடித்தபடியே கோட்டின்மேல் ஊசியால் பொடிப்பொடியாகத் துளை போடுவாள். பிரித்தால் மறுபாதி தானாக வந்திருக்கும். பிறகு அதைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் துளை வழியாகப் படம் துணியில் இறங்கும்.

“மடிக்கறதெல்லாம் எதுக்கு? கம்ப்யூட்டரு முழுசா போடும்” என்றேன். இந்த வாக்கியத்தை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னதாக ஞாபகம்.

கடையில் பேனர் வேலை இல்லாத ஒரு மதியம் உட்கார்ந்தேன். ஒரு கதிரை வரைந்தேன், அழகாகவே வந்தது. ஒரு கதிரின் நுனி அடுத்த கதிரின் காம்பைத் தொடுகிற மாதிரி பிரஷ் ஆக்கினேன். ரவிக்கையின் பின்கழுத்து கீழே கூராக முடிகிறது. அந்தக் கூர்முனையில் கம்ப்யூட்டர் கதிரைப் பிடித்து நசுக்கி, யாரோ குத்துவதற்குக் கையை ஓங்கியது போல ஆக்கிவிட்டது. ஆகவே மூலைத் துண்டு தனியாக வரைந்தேன். முதலில் இலை. பிறகு இரண்டு இலை. பிறகு ஒரு சின்னச் சிலுவை, பக்கத்தில் இரண்டு இலை. அந்த ஒரு அங்குலத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். சரியாக வந்ததும் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், “சாயங்காலம் காதுகுத்து பேனர் என்னாச்சு?” என்றார்.

இடது தோளில் ஆரம்பித்து, கூர்முனைக்கு இறங்கி, வலது தோளுக்கு ஏறுகிற மாதிரி ஒரே கோடு இழுத்தேன். பக்கத்துக்கு ஒன்பது ஒன்பதாகக் கதிர்கள் வந்து உட்கார்ந்தன. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி மூலைச் சிலுவையைப் பார்த்து, “அட, பரவால்லியே” என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. காகிதத்தை அவள் மடிக்கவில்லை. மடிக்க வேண்டாம் என்று சொன்னவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனே.

ஐந்து நாள் போட்டாள். இடது பக்கத்துக்குச் சட்டத்தின் இந்தப் புறம் உட்கார்ந்தாள், வலது பக்கத்துக்கு அந்தப் புறம். எந்தப் புறம் உட்கார்ந்தாலும் கதிர் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜரி நூலில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மின்னியது. நான் டீ போட்டுக் கொடுத்தபடி அருகில் நின்று, “பிரஷ்ஷு எப்பிடி?” என்று தினமும் கேட்டேன்.

ஆறாம் நாள் காலை, பெண் வீட்டுக்குப் படம் அனுப்பலாம் என்று சட்டத்தைச் சுவரில் நிமிர்த்தி வைத்தோம். போனைத் தூக்கிய அவள் கை அப்படியே நின்றது.

“ஏங்க. இந்தப் பக்கம் ஏன் தலகீழா தொங்குது?”

பார்த்தேன். வலது பக்கம் ஒன்பது கதிர்களும் தோளைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. இடது பக்கம் ஒன்பதும் தலைகுப்புறத் தொங்கின. பிரஷ்ஷுக்கு மேலே கீழே எல்லாம் தெரியாது. கோடு போகிற திசையில் போகும். நான் கோட்டை ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் ஏற்றினேன். கதிரும் இறங்கி ஏறிவிட்டது. அவள் மடித்து வரைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறியிருக்கும்.

என் இடது கை தன்னையறியாமல் காற்றில், செய்த தப்பை அழிக்கிற கண்ட்ரோல்-இசட்டை அழுத்தியது.

“பிரிச்சிரலாமா?” என்றேன்.

“ஒரு முனைய இழுத்தா அஞ்சு நிமிசத்துல எல்லாம் பிரிஞ்சு வந்துரும். ஊசி போன ஓட்ட? பட்டுல அது மறையுமா? புதுத்துணி வாங்கிப் போட எங்க நாளு இருக்குது? இன்னிக்கு ஞாயிறு. வியாழக்கெழம தையக்காரர் கைல இருக்கணும்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து தலைகீழ்க் கதிர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மாமியார் படத்துக்கு மிளகாய் போட்டபோதே இவள் என் கையை உடைத்திருக்கலாம் என்று தோன்றியது.

“கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துருச்சுன்னு சொல்லிரலாமா?”

“உங்க தலைக்குள்ள இருக்கற வைரஸே போதும். கொஞ்சம் சும்மா இருங்க.”

அவளே போன் செய்தாள். “அக்கா, ஒரு பக்கம் தப்பாயிருச்சுங்க. படத்துல அனுப்ப மனசு வரல. நேர்ல வந்து பாத்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அது.”

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அம்மாவும் மகளும் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அம்மா சட்டத்தருகே போய் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் நல்லா நிக்குது. அந்தப் பக்கம் மழைக்குச் சாஞ்ச கொல்லை மாதிரி கெடக்குது. யாரு போட்டது?”

“நாந்தாங்க்கா” என்றாள் மனைவி.

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரம் கதவு மறைவில் நின்றிருந்த மாவீரன் வெளியே வந்தேன்.

“இல்லீங்க, வரைஞ்சது நான். அவ எப்பவும் மடிச்சுத்தான் வரைவா. நாந்தான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன், மடிக்காதன்னு சொன்னேன். தையல்ல ஒரு கொறையும் இல்லீங்க.”

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நீங்க பேனர் அடிக்கறவரு தான?”

“ஆமாங்க.”

“போன வருசம் எங்க ஊரு கிடா விருந்துக்கு…”

“ஆமாங்க. நாந்தான்.”

மகளுக்கு வாசலில் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தாள். மனைவி சிரிக்கவில்லை. “அக்கா, மொதல்ல காட்டுனீங்களே ஒரு போட்டோ, அத மறுபடி காட்டுங்க” என்றாள்.

படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைக்குப் போடுவதற்காக வாங்கி வைத்திருந்த கத்திரிப்பூ நிற மணிகளைத் தட்டில் கொட்டினாள். சட்டத்தைப் படுக்க வைத்து, தொங்கிய கதிர் ஒன்றின்மேல் மணிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். காம்புக்குப் பக்கத்தில் நான்கு, அதன்கீழ் மூன்று, அப்புறம் இரண்டு, நுனியில் ஒன்று. விரல்கள் மறைந்தன. காம்பில் ஒரு திராட்சைக் கொத்து தொங்கியது.

தட்டில் ஒரு மணி மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

“அக்கா, அப்ப ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்குமே?” என்றாள் மகள், மெதுவாக.

அம்மாதான் பதில் சொன்னார். “இருந்தா என்னாடி? பூசையில அப்பமும் திராட்சை ரசமும் ரெண்டும்தான வெக்கறாங்க. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது.” பிறகு சட்டத்தின்மேல் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, “என்ன, சாமியாரு கேவுருக் களிய நீட்ட மாட்டாரு, அவ்ளோதான்” என்றார்.

“கரைக்கும் இந்தக் கலரு ஒத்துப் போவும்” என்றாள் மகள். கையை நீட்டி அந்தப் பத்து மணிகளையும் கலைத்துவிடாமல் தொட்டாள். “போடுங்கக்கா. எனக்குப் புடிச்சிருக்குது.”

மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

அடுத்த மூன்று நாட்கள் எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம், மணிகளைப் பெரிசு சிறுசாகப் பொறுக்கித் தட்டில் பிரித்து வைப்பது. கடைக்கு லீவு சொன்னேன். “தும்மாதீங்க, உருளும்” என்பதுதான் அந்த மூன்று நாளில் அவள் என்னிடம் அதிகம் பேசிய வார்த்தை. புதன்கிழமை மதியம் ஒன்பதாவது கொத்து முடிந்தது. சட்டத்தை நிமிர்த்தினோம். இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். பிறகு அவள் தன் முறுக்குத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். பேசாமல் இருப்பதற்கு வைத்த அடைப்பாகவும் இருக்கலாம்.

கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சர்ச்சில் பின்வரிசை. பெண் பீடத்தை நோக்கி நடந்தபோது, ஊரே முகத்தைப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் முதுகைப் பார்த்தோம். பந்தியில் அந்தம்மா உறவுக்காரப் பெண்களை வரிசையாகக் கூட்டிவந்து, “இவங்கதான் போட்டது” என்று மனைவியைக் காட்டினார். என்னையும் விடவில்லை. “தம்பி கம்ப்யூட்டர்லயே பிளான் பண்ணிட்டாரு, ஒரு பக்கம் கதிரு, ஒரு பக்கம் திராட்சைன்னு” என்றார், கண்ணைச் சிமிட்டிக்கொண்டே. நான் தலையாட்டத் தொடங்கினேன். இலைக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி ஒரு பார்வை பார்த்தாள். பாதித் தலையாட்டலை நிறுத்தி, சாம்பார் வேண்டும் என்று கை காட்டினேன்.

அந்தப் பந்தியிலேயே அடுத்த ஆர்டர் வந்தது. காரிமங்கலம் பக்கத்துப் பெண். அதே மாதிரி வேண்டுமாம், ஒரு பக்கம் கதிர், ஒரு பக்கம் திராட்சை.

இந்த முறை இரண்டு பிரஷ் செய்தேன். கோட்டைக் கூர்முனையில் வெட்டி இரண்டாக்கினேன். இரண்டையும் கீழே இருந்தே தொடங்கித் தோளுக்கு ஏற்றினேன். கதிர் நிமிர்ந்து நிற்கும்படி ஒரு பிரஷ், கொத்து தொங்கும்படி திருப்பி வைத்து இன்னொன்று. திரையில் முழுக் கழுத்தும் தெரிகிற மாதிரி சிறிதாக்கி, எழுந்து நின்று, தள்ளிப்போய்ப் பார்த்தேன். பிரிண்டைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

அவள் அதை நடுவில் மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“இதப் போய் மடிச்சு என்ன பாக்கற? ரெண்டு பக்கமும் வேற வேற தான?”

“காம்பு மேல காம்பு உக்காருதான்னு பாக்கறேன்.”

“உக்காருதா?”

கொஞ்ச நேரம் பார்த்தாள். “எட்டாவது உக்காரல.”

காகிதத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கடைக்குக் கிளம்பினேன்.