மார்க் போடாத பெட்டி

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து வரும் அமாவாசையோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் மதினி, "அந்தப் பெட்டி விசயத்த நீங்கதான் எழுதணும், கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டார்கள். தப்பிக்க வழியில்லை, எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கேரள மலையில், வண்டிப்பெரியாறு ஊருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். அப்பா இளவயதில் சுமத்ராவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் அவர் வாயில் இந்தோனேசிய மொழிதான் வரும். அவருடைய கூலியில் ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடிந்தது. அண்ணன் படித்து ஆங்கில ஆசிரியரானார். நான் எட்டாம் வகுப்போடு நின்று, ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் வேலைக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு.

எழுபதாம் ஆண்டு வாக்கில், மதராஸில் ஒரு பேராசிரியரிடம் அண்ணன் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார். இந்தோனேசிய மொழியில் சொற்கள் எப்படி உருவாகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதுவார். அப்பாவுக்கும் தன் பேச்சை ஒருவர் எழுதிக்கொள்வதில் பெருமை தாங்காது.

மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரத்து ஆங்கில ஆசிரியர்களை எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு அழைப்பார். யாரும் உத்தரவு போடவில்லை, அவராகச் செய்தது. ஒருவர் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். முதலில் குறை வாங்கிக்கொள்பவர் அண்ணன்தான். கரும்பலகையில் 'அஜார்' என்று எழுதுவார். "எங்கப்பா பேசுற பாஷைல இதுக்கு முன்னால ஒன்னச் சேத்தா படிக்கிறது, வேற ஒன்னச் சேத்தா படிச்சுக் குடுக்கிறது. வேரு ஒன்னுதான் சாரே" என்பார். பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, மலையிலுள்ள எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அப்பா காலமான அடுத்த மழையில் அட்டைகளில் பூஞ்சணம் பூக்க ஆரம்பித்தது.

"ஃபேக்டரில வச்சிருவோம்ண்ணே. ட்ரையர் பக்கம் ஈரமே அண்டாது" என்றேன். யோசனை என்னுடையது. ஒரு தேயிலைப் பெட்டியில் ஈயத்தாள் விரித்து, அட்டைகளை அடுக்கி, மூடிக்கு ஆணி அடித்து, விளிம்பில் தகரப்பட்டையும் போட்டேன். தேயிலைக்குச் செய்வதில் ஒரு குறை வைக்கவில்லை. பெயர் எழுதத்தான் தோன்றவில்லை. என் கண்ணுக்கு அது அண்ணன் பெட்டி, பெயர் எதற்கு?

அந்த வாரமே மனைவியின் பிரசவத்துக்காகக் கம்பம் போனேன். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் பெட்டி இருந்த இடம் காலி. என்னோடு வேலை பார்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மார்க் போடாம ஒரு பெட்டி கெடந்துச்சுல்லா. தொரை பாத்தா ஒன்னய வைவாரேன்னு நானே தோட்டத்துப் பேரு மார்க் அடிச்சு, தேயிலப் பெட்டிகளோட லாரில ஏத்திட்டேன்." எனக்கு நல்லது செய்ததாகத்தான் அவர் நினைப்பு.

லாரி சரக்கு இறக்கும் கொச்சித் துறைமுகத்துக்கு அண்ணனும் நானும் போனோம். கிடங்கில் கூரை முட்டப் பெட்டிகள், எல்லாம் ஒரே அச்சு. எங்கள் சரக்கில் பாதி கப்பலேறிவிட்டது என்றார் குமாஸ்தா. மீதியைத் திறக்க விடவில்லை. விற்றுப்போன சரக்கில் கைவைக்க அவருக்கும் அதிகாரமில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வாங்கியவன் தேயிலைக்குப் பதில் காகிதம் வந்ததென்று புகார் எழுதுவான், அதில் விலாசம் இருக்கும் என்று அண்ணன் நம்பினார். தினமும் ஆபீசில் தபால் கேட்பார். ஒரு புகாரும் வரவில்லை. பேராசிரியர் ஓராண்டு தவணை கொடுத்தார். அட்டையுமில்லை, சொல்ல அப்பாவுமில்லை. அந்த ஓராண்டும் சும்மா போயிற்று. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் நிறுத்தாமல் நடத்தினார். 'அஜார்' எழுதுவதை விட்டுவிட்டார்.

சென்ற ஆண்டு நுரையீரல் கெட்டு, கோட்டயத்தில் மருத்துவமனையில் கிடந்தபோது நினைவிலிருந்த சொற்களைச் சொல்லி என்னை எழுதச் சொன்னார். இருமலுக்கு நடுவே வந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"அண்ணே, என்னய ரெண்டு வார்த்தை வைஞ்சிருங்கண்ணே."

அவர் கண்ணை மூடியபடியே கேட்டார்: "ஆணி நல்லா அடிச்சிருந்தியாலே?"

"அடிச்சேண்ணே."

"அப்ப ஈரம் ஏறிருக்காது."

மறுநாள் போய்விட்டார்.

இரவு பகல் பாராது பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், ஜீப் கொடுத்து உதவிய தோட்டத்து ஆபீசுக்கும், தோள் கொடுத்த லயத்து மக்களுக்கும், சனிக்கிழமைக் கூட்டத்தை இன்றும் நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

முகம் தெரியாத ஒருவருக்கும் ஒரு வார்த்தை. ஏதோ ஊரில், ஒரு நாள், எங்கள் தோட்டத்துப் பெட்டியைத் திறந்து, தேயிலை இல்லையே என்று வைதிருப்பீர்கள். அந்த வசவு எனக்கு உரியது. அட்டைகளை அடுப்பில் போடாமல் வைத்திருந்தால், ஐயா, தயவுசெய்து இப்போதாவது அந்தப் புகாரை எழுதுங்கள்.