சிவகலாவும் தூரத்துப் பூனைகளும்

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பெரிய இரக்கசாலி என்று நினைத்துவிடக் கூடாது. சுவிஸில், வின்டர்தூரில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் பூனைகள் ஏறி இறங்கவென்று சுவரோடு சின்ன ஏணி பூட்டி வைத்திருக்கிறார்கள். மனிதன் ஏறும் லிஃப்ட் பழுதென்றால் ஆள் வர இரண்டு நாளாகும். அந்த ஏணியில் ஒரு பலகை ஆடினால் அன்றைக்கே ஆணி அடிப்பார்கள். இந்த ஊர்ப் பூனைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனைவி சிவகலா சாப்பாடு போடுவது இந்தப் பூனைகளுக்கு இல்லை. உக்ரைனில், சண்டை நடக்கும் எல்லைக்கு அருகில் ஒரு பட்டணம் இருக்கிறது. அங்கே தெருவில் திரியும் பூனைகளுக்கு. பட்டணத்தின் பேரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.

சிவகலாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. அவளோடு மேசையின் அடுத்த பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பு மடிப்பவள் லியுத்மிலா, அங்கே போர் தொடங்கியபின் அகதியாக இங்கே வந்தவள். அவளுடைய அக்கா ஹலினா மட்டும் வரவில்லை. பூனைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரு கட்டடத்தின் நிலவறையில் தனியாக இருக்கிறாள். சனங்கள் ஓடும்போது விட்டுவிட்டுப் போன பூனைகள், தெருவிலேயே பிறந்த பூனைகள், எல்லாம் அவள் பொறுப்பு. அறுபது தாண்டிய பெண். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "விசர் மனுசி" என்று வாய்விட்டே சொன்னேன். சிவகலா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு அடங்கிவிட்டேன்.

யாரோ கெட்டிக்காரர்கள் ஹலினாவுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார்கள். நிலவறைக்கு எதிர்ப்பக்கம், மூடிக்கிடக்கும் மருந்துக்கடை ஒன்றின் வாசலில் அதைப் பூட்டியிருக்கிறது. உள்ளே பூனைத்தீனி, முன்னால் ஒரு கமரா. எந்த நாட்டில் இருந்தும் போனில் பார்த்துப் பட்டனை அமத்தினால் கடகடவென்று தீனி விழும். கதைக்கவும் ஒரு பட்டன் உண்டு, இங்கே பேசினால் அங்கே கேட்கும். அங்கத்தைச் சத்தம் எப்போதும் இங்கே கேட்கும். ஹலினா ஒவ்வொரு நாளும் தெருவைக் கடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வாரத்துக்கு ஒருமுறை வந்து நிரப்பினால் போதும். முதலில் லியுத்மிலாதான் இங்கிருந்து அமத்தினாள். பிறகு அவளை விடியற்கால ஷிப்டுக்கு மாற்றினார்கள், வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள். அப்படித்தான் அந்தப் பட்டன் சிவகலாவின் போனுக்கு வந்தது.

சிவகலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தொண்ணூறுகளிலேயே இங்கு வந்துவிட்டவன். அவள் இலங்கையில், வன்னியில், போரின் கடைசிவரை இருந்து, முகாமுக்குள் போய், அதன்பிறகு என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள். அந்தக் கடைசி மாதங்களை நான் ரீவிக்கு முன்னால் இருந்து பார்த்தேன், அவள் உள்ளே இருந்து பார்த்தாள். அதைப் பற்றிக் கதைக்கமாட்டாள், நானும் கிளறுவதில்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்ததும் ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நேரம். பஸ் வரும் நேரம், குப்பை எடுக்கும் நேரம், உடுப்புத் தோய்க்க எங்கள் முறை வரும் நேரம். சொன்னது சொன்னபடி நடக்கும் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். சுவிஸ்காரிகளே அவளிடம் தோற்றுப்போவார்கள். "உம்மைப் பாத்துத்தான் பஸ்காரன் மணிக்கூட்டைத் திருத்துறான்" என்று பகிடி பண்ணுவேன்.

பூனைச் சாப்பாடும் அப்படியே நடந்தது. தேத்தண்ணி குடித்து, சீப்பால் தலை இழுத்து, சப்பாத்துப் போடுவதற்கு முதல் போனை மேசையில் நிமிர்த்தி வைப்பாள். ஒவ்வொரு நாளும் அதே நிமிடம். பூனைகளும் பழகிவிட்டன. அவள் திறக்கும்போதே வாசலில் வந்து குந்தியிருக்கும். ஒன்றுக்கு வெள்ளைச்சி என்று பேர் வைத்தாள், ஒன்றுக்கு மொட்டைவால். முன்னால் நின்று எல்லாரையும் விரட்டும் கறுத்தக் கடுவனுக்கு, ஊர்த் தலைவரைச் சொல்வதுபோல, விதானையார். எனக்குப் பின்னேர வேலை, காலையில் வீட்டில்தான் இருப்பேன். "விதானையார் இண்டைக்கு வரேல்லையோ" என்று நானும் கேட்கத் தொடங்கினேன். பிடிக்காவிட்டாலும் ஆளைக் காணாவிட்டால் விசாரிக்கத்தானே வேண்டும்.

பங்குனியில் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. ஒரு கண் சீழ்கட்டி மூடியிருந்தது. அதிலிருந்து ஹலினா ஒவ்வொரு காலையும் வெளியே வரத் தொடங்கினாள். தீனி விழும் சத்தம் கேட்டதும் நிலவறையால் ஏறி, தெருவைக் கடந்து வந்து, தின்றுகொண்டிருக்கும் குட்டியைப் பிடித்துக் கண்ணுக்கு மருந்து விடுவாள். மற்ற நேரங்களில் அது அகப்படாது. தடித்த பச்சைக் கோட்டு, தலையில் ஒரு துண்டு. முடிந்ததும் கமராவைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போவாள். சிவகலாவும் இங்கே இருந்து கை காட்டுவாள், ஹலினாவுக்கு அது தெரியாது என்று தெரிந்தும்.

ஒரு காலை குசினிக்குள் ஒரு ஈ, எங்கள் பேச்சில் இலையான், இரைந்தது. நான் துவாயை எடுத்துக்கொண்டு தேடினேன். யன்னலில் இல்லை, லைட்டடியில் இல்லை.

"எங்கையெண்டு தெரியேல்லையே," என்றேன்.

"இஞ்சை இல்லை," என்றாள் சிவகலா. "போனுக்குள்ளை. வண்டு."

வன்னியில் மேலே சுற்றி வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்தைச் சனங்கள் அப்படித்தான் சொல்வார்களாம். வண்டு வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும். ஆனால் ஹலினா வந்தாள், மருந்து விட்டாள், கை காட்டினாள், போய்விட்டாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாளும் அதே நேரம் இரைந்தது. அதற்கு அடுத்த நாளும்.

"வண்டு விடுறவங்களுக்கு நேரம் பிடிபட்டிட்டுது," என்றாள் சிவகலா. "வன்னியிலை சனத்துக்குக் கஞ்சி குடுக்கேக்கையும் இப்பிடித்தான். ஒரே இடம், ஒரே நேரம். வண்டு வந்து பாத்திட்டுப் போகும். இது எனக்குத் தெரியுமெல்லோ. தெரிஞ்சிருந்தும் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து அமத்தியிருக்கிறன்."

"நீர் பூனைக்குத்தானே போட்டனீர்."

"பூனைக்குப் போட்டு, மனுசியை வெளியிலை எடுக்கிறன்."

அன்றே சிவகலா வேலையில் லியுத்மிலாவிடம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அங்கே நாள் முழுக்கக் கேட்கிறது, வெளியே போகாதே என்று தானும் சொல்லாத நாளில்லை, அக்கா காதில் வாங்குவதே இல்லை என்றாளாம் லியுத்மிலா.

மறுநாள் சிவகலா போனைத் திறந்தாள், ஆனால் அமத்தவில்லை. பூனைகள் குந்தியிருந்து கமராவையே பார்த்தன. விதானையார் எழுந்து வந்து பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார். குட்டி வாயைத் திறந்து திறந்து கத்தியது. சிவகலா இரண்டு கைகளையும் மடிக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அழுதாள். பெட்டி சத்தம் போடாததால் ஹலினா வரவில்லை. இரைச்சல் சுற்றிவிட்டு மெல்ல மெல்ல அடங்கியது. அதற்கடுத்த நாளும் அப்படியே பூனைகளைப் பட்டினி போட்டாள். அன்று பஸ்ஸுக்குப் போகும்போது அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஏன் போடவில்லை என்று லியுத்மிலா கேட்டிருக்கிறாள். பட்டன் வேலை செய்யவில்லை, ஏதோ பழுது என்று இவள் சொல்லிவிட்டாள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பழகியவள் என்றால் அந்தப் பொய் எங்கே கொண்டுபோய் விடும் என்று கொஞ்சமாவது யோசித்திருப்பாள். லியுத்மிலா அன்றே அக்காவுக்கு அறிவித்துவிட்டாள்.

அடுத்த காலை போனைத் திறந்தால் திரை நிறைய ஹலினாவின் முகம்.

"கடவுளே, திருத்த வந்து நிக்கிறா," என்றாள் சிவகலா.

கையில் ஸ்க்ரூ டிரைவர். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டி மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு அவசரமும் இல்லை. பின்னால் அந்த இரைச்சல் தொடங்கிவிட்டது.

"அமத்தும், அமத்தும்," என்றேன். "வேலை செய்யுதெண்டு கண்டா போயிடுவா."

அமத்தினாள். தீனி கொட்டியது. நாலு பக்கத்தாலும் பூனைகள் ஓடி வந்தன. ஹலினா சிரித்தாள். ஸ்க்ரூ டிரைவரைக் கோட்டுக்குள் செருகினாள். ஆனால் போகவில்லை. அங்கேயே குந்தி, குட்டியைப் பிடித்து, மருந்துப் போத்தலை எடுத்தாள். என் யோசனையைக் குப்பையில்தான் போட வேண்டும். இரைச்சல் கிட்ட வந்தது.

சிவகலா கதைக்கும் பட்டனை அமத்தினாள். என்ன பாஷையில் கதைப்பது என்ற வெட்கத்தில் அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அன்றைக்கு வாயில் தமிழ்தான் வந்தது.

"உள்ளை போங்கோ. வண்டு நிக்குது. உள்ளை போங்கோ அக்கா."

ஹலினா திடுக்கிட்டுத் திரும்பினாள். பெட்டிதான் கதைக்கிறது என்று விளங்கியதும் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய பூனைகளுக்குச் சாப்பாடு போடும் பெண்ணின் குரலை முதல்முறையாகக் கேட்கிறாள். குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கமராவுக்குக் கிட்ட வந்து ஏதோ நலம் விசாரிக்கத் தொடங்கினாள். எங்களுக்கு விளங்கட்டும் என்று ஆறுதலாக, சொல்லுச் சொல்லாக. அவளுடைய தோளுக்குப் பின்னால், எதிர்க்கூரைக்கு மேலே, ஒரு கறுப்புப் புள்ளி அசையாமல் நின்றது. நான் என் கண்ணால் கண்டேன்.

அப்போதுதான் சிவகலா கத்தினாள். இத்தனை வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் அவளுக்குள் கிடந்தது எனக்குத் தெரியாது.

"கோசலாக்கா, ஓடு! எழும்பி ஓடடி அக்கா!"

அங்கே பூனைகள் திக்குத் திக்காய்ப் பாய்ந்தன. குட்டி ஹலினாவின் கையைப் பிறாண்டிவிட்டுக் குதித்து ஓடியது. குட்டி ஓடுகிறதே என்று ஹலினாவும் அதன் பின்னால் ஓடினாள், தெருவைக் கடந்து நிலவறைப் பக்கமாக. படத்தை விட்டு மறைந்தாள். ஒரு வெடிச்சத்தம். திரை முழுக்கப் புழுதி. பிறகு இணைப்பு இல்லை என்று காட்டியது.

கோசலா, சிவகலாவின் தமக்கை. படத்தில் பார்த்திருக்கிறேன். சண்டையில் செத்தவ என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தாள். கஞ்சிக்குப் போன இடத்தில்தான் என்று அன்று காலை கேட்காமலே விளங்கிக்கொண்டேன்.

பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. "நான் பொய் சொல்லித்தானே அவ வெளிக்கிட்டவ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்திருந்தேன். பிறகு நானே வேலையிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லியுத்மிலாவிடம் சொல்லத்தானே வேண்டும். சலவை மெஷின்களின் இரைச்சலுக்குள் நின்று, பட்டனில் ஒரு பழுதும் இல்லை, வேண்டுமென்றுதான் அமத்தவில்லை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். லியுத்மிலா அக்காவை அழைத்து, போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். நெடுநேரம் மணி மட்டும் அடித்தது.

மத்தியானம்போல ஹலினாவே எடுத்தாள். நெற்றியில் கண்ணாடி வெட்டிய காயம், வேறொன்றும் இல்லை. சரியான கோபத்தில் இருந்தாள். யார் அந்தப் பைத்தியக்காரி, என் பூனைகளை எல்லாம் கலைத்துவிட்டாள் என்று ஏசினாளாம். லியுத்மிலா அழுதுகொண்டே அதை எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

பெட்டியும் தப்பிவிட்டது, கமராக் கண்ணாடியில் ஒரு கீறலோடு. ஒரு கிழமைக்குள் ஹலினா நெற்றிக் கட்டோடு திரும்பவும் வெளிக்கிட்டாள்.

"விட்டுத் தள்ளும்," என்றேன். "பட்டனை வேறை ஆரிட்டையும் குடுக்கட்டும்."

"வேறை ஆர்?" என்றாள். "அவைக்கு வண்டுச் சத்தம் இலையான் எண்டுதான் கேக்கும்."

அதிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் குறித்த நேரம் கிடையாது. ஒருநாள் பல் தீட்ட முதல் அமத்துவாள். ஒருநாள் வேலையிடத்துக் கழிவறைக்குள் ஒளித்து நின்று அமத்துவாள். தீனி விழும், பூனைகள் தின்னும். பச்சைக் கோட்டின் ஓரம் படத்துக்குள் தெரிந்ததோ, கதைக்கும் பட்டனை அமத்திக் கத்துவாள். பூனைகள் பறந்துவிடும். பிடிக்கப் பூனை இல்லையென்றால் ஹலினாவுக்கு அங்கே நிற்க வேலையில்லை. மருந்து படாமல் குட்டியின் கண் போய்விட்டது. அதற்கும் சிவகலா அழுதாள், அழுதுவிட்டு அடுத்த நாளும் கத்தினாள். பெட்டியை நிரப்ப மட்டும் ஹலினா எப்போதோ வந்து போவாள். அந்த நேரம் எங்களுக்கும் தெரியாது, அது நல்லதுதான். மேல்வீட்டுக்காரர் என்னைப் படியில் கண்டு, வீட்டில் எல்லாம் சரியா என்று மெதுவாகக் கேட்டார். சரி என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

போன வாரம் கத்த வேண்டியே வரவில்லை. பூனைகள் தின்றுகொண்டிருந்தன. பச்சைக் கோட்டு தெரிந்தது. சிவகலா வாயைத் திறக்க முதலே விதானையார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே பாய்ச்சலில் மறைந்தார். மற்றவையும் பின்னால் ஓடின, ஒற்றைக்கண் குட்டி எல்லாவற்றுக்கும் முன்னால். ஹலினா ஒரு மீன் டின்னைத் திறந்து கையில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. டின்னை வாசலில் வைத்துவிட்டு, கை காட்டாமல் போனாள்.

அன்று பின்னேரம் சிவகலா வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். எனக்கு அன்று லீவு.

"ஹலினா போனிலை அழுதவவாம்," என்றாள். "பூனையளுக்குத் தன்னைப் பிடிக்காமப் போட்டுது, தன்னைக் கண்டா ஓடுதுகள் எண்டு தங்கச்சிக்காரியிட்டைச் சொன்னவவாம். அவவுக்கு இருந்தது அதுகள் மட்டும்தான். அதையும் நான் பறிச்சுப்போட்டன்."

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி மறித்துவிட்டாள்.

"அவ என்னை வெறுக்கட்டும்," என்றாள். "உயிரோடை இருந்து வெறுக்கட்டும்."

நாளைக்கு எப்போது அமத்தப்போகிறீர் என்று கேட்டேன். எனக்கும் சொல்லாமல் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.