பட்டியலில் இல்லாத அடுப்படி

பேகம்பூரில் ஜெய்தூன் பீவி என்றால் இடியாப்பம். பத்தொன்பது வருடமாக, விடிவதற்குள் இருநூறு இடியாப்பம் அவித்து இரண்டு ஓட்டல்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் தன் டீயைக் குடிப்பார். அந்தக் காசைச் சீட்டில் போட்டு இரண்டு லட்சம் சேர்த்திருந்தார். கணவர் அப்துல் லத்தீப்புக்குத் தோல் மண்டியில் வேலை. அவர் சம்பளம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்குமே சரியாகப் போயிற்று.

மகள் ரஃபியாவைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வரப்போகிறார்கள். அதற்குள் அந்த இரண்டு லட்சத்தில் வீட்டைப் புதுசாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லத்தீப்பும் மகன் ரஃபீக்கும் ஹாலில் உட்கார்ந்து செலவுப் பட்டியல் போட்டார்கள். பெயிண்டிங்கோடு கொத்து வேலையும் எடுத்துச் செய்கிற பிரபு, அளவு டேப்போடு வந்திருந்தான்.

ஜெய்தூன் டீயை வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார்.

"ஃபால்ஸ் சீலிங் லைட்டோட அறுபதாயிரம். வாசல் டைல்ஸ் அம்பத்தஞ்சு. டிவி சுவத்துக்குப் பலகை வேலை நாப்பது. பெயிண்டு நாப்பத்தஞ்சு. கரெக்டா ரெண்டு லட்சம் அத்தா," என்றான் ரஃபீக், ஃபோனைத் தட்டியபடி.

"அடுப்படி?" என்றார் ஜெய்தூன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் அப்படியொரு இடம் இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல.

"அதுக்கென்ன? பிரபு, மிஞ்சுற பெயிண்டுல அங்க ஒரு கோட்டு இழுத்து விட்ருப்பா," என்றார் லத்தீப். "அங்க யாரு வந்து பாக்கப் போறா?"

மிஞ்சுகிற பெயிண்ட்! ஜெய்தூனுக்குக் காது மடல் சுட்டது. புகையேறிக் கறுத்த சுவர், கையகல ஜன்னல், ஆவியில் எரிகிற கண். இத்தனையையும் பொறுத்துச் சேர்த்த பணத்தில் அந்த இடத்துக்கு மட்டும் ஒற்றைப் பைசா கிடையாதா?

"நான் பாக்குறேன்ல? தெனமும் நான் பாக்குறேன்ல?"

"வெளிய தெரியிற எடத்தை மொதல்ல முடிச்சிருவோம்மா," என்றான் ரஃபீக்.

"உன் டிவி சுவரு ஒரு நாளாச்சும் இடியாப்பம் புழிஞ்சிருக்காடா?"

பிரபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாய், அக்கா சொல்றதுலயும்…"

"நீ செத்த நேரம் சும்மா இருப்பா."

அப்போது உள்ளறையிலிருந்து ரஃபியாவின் குரல் வந்தது. "அத்தா, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்கள எங்க உக்கார வைப்பீங்க?"

அந்தத் தெருவில் விருந்தாளி ஆண்கள்தான் ஹாலில் உட்காருவார்கள். பெண்கள் பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே உள்ளறைக்கு வந்துவிடுவார்கள். உள்ளறைக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. பெண்ணைப் பார்ப்பதும் பேசுவதும் சரியென்று சொல்வதும் அவர்கள்தான். சர்பத்தைக் குடித்துவிட்டுத் தோல் விலை பேசப் போகிற நாலு ஆண்களுக்காகவா ஒன்றரை லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டிருந்தார்கள்?

"யா அல்லா! இம்புட்டு நேரம் யோசிக்கலையே!" லத்தீப் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே ரஃபீக், அந்த சீலிங்க எடுத்துரு. அறுபதையும் அடுப்படிக்குப் போடு. வாரவுக கண்ணு மொதல்ல அங்கதான் போகும். சுவரு பூராம் பூப்போட்ட டைல்ஸா ஒட்டிருவோம்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஜெய்தூனுக்குக் கோபம் முன்னைவிட ஏறியது. பத்தொன்பது வருடம் நின்றவளுக்கு மிச்சப் பெயிண்ட். அரைமணி நேரம் உட்கார வருகிறவர்களுக்குப் பூப்போட்ட டைல்ஸ்!

"பூவு வேணாம்."

"நீதான கேட்ட?"

"வத்தலக்குண்டுக்காரவுக பாக்குறதுக்கா கேட்டேன்? நிக்கிறது நான். எனக்கு என்ன வேணும்னு இதுல ஒரு ஆளாச்சும் கேட்டீங்களா? பிரபு, எந்திரி. உள்ள வா."

பிரபு பின்னாலேயே போனான். ஜெய்தூன் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னலை இடித்து இரண்டு மடங்கு அகலமாக்க வேண்டும். ஆவியை வெளியே தள்ள ஃபேன் வேண்டும். மேடையை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

"மேடை ரெண்டே முக்காலடி வச்சிரலாம்க்கா. எல்லா வீட்டுக்கும் அதான் கணக்கு."

"எல்லா வீட்டுலயும் நானா புழியிறேன்? இந்தா, என்னைய அளந்துக்க. இடுப்புக்குக் கீழ இருக்கணும். அமுக்குறப்ப உடம்புப் பாரம் கையில எறங்கணும். இந்த மேடையில தோள்பட்டைதான் போகுது."

பிரபு டேப்பை இழுத்தான். இரண்டடி நாலங்குலம் வந்தது.

லத்தீப் எட்டிப் பார்த்தார். "இம்புட்டுத் தாழ்வா வச்சா பாக்க நல்லாவா இருக்கும்?"

"இருநூறு புழிஞ்சிட்டு வந்து சொல்லுங்க."

லத்தீப்புக்குப் பின்னால் ரஃபீக் ஃபோனைப் பிடித்தபடி நின்றிருந்தான். பட்டியலிலிருந்து டிவி சுவரையும் அவனே அழித்திருந்தான்.

"ஃபேன் எத்தனை இஞ்சும்மா போடட்டும்?"

"பெருசாப் போடு," என்றார் ஜெய்தூன், கோபம் தணியாமலே.