பழைய எண் ஆறு, புதிய எண் ஐந்து

அந்த லேப்டாப்பை நான் கெடுக்கவில்லை. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பால் பொங்கி வழிந்தால்கூட நான் அடுப்படிப் பக்கம் போனேனா என்று விசாரணை நடக்கும். அதற்கெல்லாம் நான் சண்டை போட்டதில்லை. பத்தில் எட்டு தடவை நான்தான் செய்திருப்பேன். ஆனால் செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டினால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அம்மா அதன் மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சாமி படங்களுக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். அதை இயக்கினால் நேராக உள்ளே போக முடியாது. ஒரு பட்டியல் வந்து நிற்கும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். எது வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கும். நாம் பதில் சொல்லாவிட்டால் மேலே இருப்பதைத் தானாகத் திறந்துகொள்ளும். ஒரே பெட்டிக்குள் ரெண்டு குடித்தனம் என்பார் நைனா. விண்டோஸ் அக்காவுக்கு, லினக்ஸ் எனக்கு என்று அக்காவே பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தாள். என் பங்கில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. எனக்கு அது போதும். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்த மே மாதம் அக்கா கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வேண்டும் என்று நைனாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா தினமும் "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர், பனமலையில் விவசாயம். அவருடைய மகன் இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்திருந்தான். அவனுக்கு லேப்டாப் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் ஒன்று ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தது. மாமாவுக்குக் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

"பொண்ணே நம்ம வூட்டுக்கு வரப்போற பொண்ணு. பொட்டி ரெண்டு வருஷம் முன்னாடி வந்தா இன்னா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுப்பது யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் சங்கதி இல்லை. பெண் தொட்டிலில் கிடக்கும்போதே வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்துவிடுவார்கள். பிறகு அதை எல்லோரும் மழை, வெயில் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை, பெட்டியைப் பற்றியும் சரி, மற்றதைப் பற்றியும் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொல்லி நைனா தலையாட்டிவிட்டார். என் மூன்று விளையாட்டுகளும் பனமலைக்குப் போகப் போகின்றனவே என்று நான் மட்டும் வாய்விட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு புதுப் பையோடு வந்தார். ஓட்டிப் பார்த்து எடுத்துப் போகலாம் என்று அவரே பொத்தானை அழுத்தினார். பட்டியல் வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், அப்படி ஒரு பகுதியே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே கிரப் ரெஸ்க்யூ என்று, எங்கள் யாருக்கும் அர்த்தம் தெரியாத இரண்டு சொல்லை எழுதிவிட்டு ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டாலும் அதே வரிதான்.

கடைசியாகத் தொட்டது யார் என்று மாமா கேட்டார். எல்லோருடைய தலையும் என் பக்கம் திரும்பியது.

"பொட்டப் புள்ளைங்க கையில குடுத்தா இதான் கதி. சின்னது நோண்டி வெச்சிருக்குது பாரு" என்றார் மாமா.

நான் தொடவில்லை என்று கத்தினேன். முந்தின இரண்டு நாளும், அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்த தோழியின் வீட்டு வாசலிலேயே நான் காவல் கிடந்தேன். அது அக்காவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவளோ பூண்டு உரித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். மாமா சொன்னதைக்கூட நான் மன்னித்திருப்பேன். அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்ததை என்னால் தாங்கவே முடியவில்லை.

ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் என்ன செய்வது, சரியானால் சொல்லுங்கள் என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, மாமா வெறும் பையோடு பஸ் ஏறினார். அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். நான் அழவில்லை. இதைச் சரிசெய்து மாமாவின் கண்ணெதிரிலேயே ஓட்டிக் காட்டுகிறேனா இல்லையா பார் என்று சாமி படங்களைப் பார்த்துச் சவால் விட்டேன்.

சவால் விட்ட பிறகுதான் என்னிடம் ஒன்றுமில்லை என்பது புரிந்தது. வீட்டில் இருந்த ஒரே போன் நைனாவுடையது. அவர் பஸ் ஸ்டாண்டுக்கும் கோட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். மதியம் சாப்பிட வருவார், சாப்பிட்டதும் அரைமணி நேரம் கண்ணயர்வார். அந்த அரைமணிதான் எனக்கு. குறட்டை நின்றால் போன் கையைவிட்டுப் போய்விடும்.

முதல் நாள், திரையில் இருந்த ஆங்கில வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போனில் அடித்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கெல்லாம் இதே வரி வந்திருந்தது. எனக்கு மட்டும் வந்த விதி இல்லை என்பதே பெரிய ஆறுதல். அவர்கள் செய்யச் சொன்னதைத் தேதி கிழிக்கும் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆறாம் வகுப்பு போகப்போகிற எனக்கு அந்த ஆங்கிலம் பாதிக்கு மேல் விளங்கவில்லை. எல் என்ற எழுத்தை ஒன்று என்று எழுதிவைத்து, அதையே மாலைவரைக்கும் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியும் சளைக்காமல், தெரியாது, தெரியாது என்றே பதில் சொன்னது.

மறுநாள் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். உடனே பெட்டி, தன் உள்ளிடத்தைத் தடுத்துப் பிரித்து வைத்திருந்த பகுதிகளை எண் போட்டு வரிசையாகக் காட்டியது. ஒன்று, இரண்டு என்று போய் ஐந்தோடு நின்றுவிட்டது. லினக்ஸ் இருக்கும் பகுதியின் எண்ணைச் சொன்னால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பதுவரை எனக்கு விளங்கியது. ஆனால் அது தேடியதோ ஆறாம் எண்ணை. வரிசையில் ஆறே இல்லை. இல்லாததை எங்கே போய்த் தேடுவது? குறட்டை வேறு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் தபால்காரர் வந்தார். எங்கள் தெருவில் அதற்கு முந்தின வருஷம்தான் கதவெண்களை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. தபால்காரர் ஒவ்வொரு கடிதத்தையும் தூக்கிப் பிடித்து, "பழசா, புச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் தெருவில் நடப்பார். அன்றைக்கு அவர் எங்கள் வாசலில் நின்று கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. வீடு எங்கேயும் போகவில்லை. எண்தான் மாறியிருக்கிறது. இந்த மக்குப் பெட்டி பழைய எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறது.

அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒன்றில், எனக்குத் தெரியாத வகை என்றது. இரண்டு, மூன்று, நான்கிலும் அதே பதில். ஐந்தைத் தட்டியபோது கதவு திறந்தது. உள்ளே இருந்த அறைகளின் பெயர்களெல்லாம் திரையில் கொட்டின. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தைப் போட்டு, காலண்டர் தாளில் இருந்த நாலு வரியையும் அடித்தேன். பட்டியல் வந்தது! மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். நான் போட்ட கூச்சலில் நைனா பாயிலிருந்து துள்ளி எழுந்து, பாம்பு எங்கே என்று கேட்டார்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பழையபடி கருப்புத் திரைதான் வந்தது. நிரந்தரமாகச் சரிசெய்ய ஒரு பாஸ்வேர்டு வேண்டும், அது அக்காவிடம்தான் இருந்தது. கேட்டேன். மறந்துவிட்டது என்றாள். ஒன்றாம் வகுப்பில் கூடப் படித்தவர்களின் இன்ஷியல்வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லுகிறவளுக்கு இது மறந்துவிட்டதாம். போகட்டும், நாலு வரிதானே, பதினாறாம் வாய்ப்பாட்டையே ஒப்பித்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? தாளைப் பார்க்காமல் அடிக்கப் பழகிக்கொண்டேன். பிறகு நைனாவை நச்சரித்து மாமாவுக்குப் போன் போட வைத்தேன்.

"அத அப்டியே வுட்டுடேன்டி" என்றாள் அக்கா, நைனா போனை வைத்த பிறகு.

தன்னால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்ற பொறாமை. எனக்குத் தெரியாதா?

மாமா அதே பையோடு வந்தார். நான் அவரை உட்கார வைத்து, லேப்டாப்பை அவர் முழங்காலுக்கு எதிரே வைத்து, கருப்புத் திரையை முதலில் நன்றாகப் பார்க்க விட்டேன். பிறகு நாலு வரியையும் அடித்தேன். பட்டியல் வந்து நின்றது. பொட்டப் புள்ளை கை பட்டால் என்ன ஆகும் என்று இப்போது சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. அம்மா பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் இதை அடிக்க வேண்டும் என்று சொல்லிக் காலண்டர் தாளையும் மாமாவிடம் நானே நீட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைப் பைக்குள் இறக்கி ஜிப்பை இழுத்தார்.

"பொட்டி கெளம்பிடுச்சி. இனிமே பொண்ணு கெளம்ப வேண்டியதுதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

"பொட்டிய எட்த்துக்கினு போங்க மாமா. நான் வரமாட்டேன்" என்றாள் அக்கா.

அவள் எழுந்து நின்றிருந்தாள். பெரியவர்கள் எதிரில் அவள் வாய் திறந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "உங்க புள்ளைய நான் கட்டிக்க மாட்டேன். நான் படிக்கப் போறேன். நைனா, பாக்கலாம்னு சொல்லாத. இப்பவே சொல்லு."

நைனா வாயைத் திறப்பதற்குள் மாமா ஜிப்பைத் திறந்து லேப்டாப்பை வெளியே எடுத்தார். அதை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, அம்மா கொண்டுவந்த மோரைத் தொடாமல் எழுந்து நடந்தார். அண்ணா, அண்ணா என்று அம்மா தெருமுனைவரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு பல வருஷம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு மஞ்சள் நீராட்டியபோது மாமன் சீர் வரவில்லை என்று அம்மா பந்தலுக்குப் பின்னால் நின்று அழுதாள். அக்கா மட்டும் அந்த ஜூன் மாதமே கல்லூரியில் சேர்ந்தாள்.

பகுதியின் எண் தானாக மாறாது என்பது நானும் கல்லூரிக்குப் போய், ஒரு சிநேகிதியின் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் ஒரு பகுதியை அழித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதே கருப்புத் திரை, அதே வரி. நடுவில் இருப்பதை யாராவது வேண்டுமென்றே அழித்தால்தான் ஆறு ஐந்தாகும். எங்கள் வீட்டில் அப்போது அதைச் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான். அக்காவுக்குப் போன் போட்டேன். "இப்பதான் வெளங்குச்சா?" என்றாள்.

ஆனால் மாமா எழுந்து போன அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் நாலு வரியைப் பார்த்து அவமானம் தாங்காமல்தான் மாமா ஓடிவிட்டார் என்று நம்பினேன். தெரு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பியபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நைனா ஆட்டோவை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். ஒரு ஆள்கூட என்னைப் பாராட்டவில்லை. அத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு சபாஷ் கிடையாது. கோபத்தோடு அக்காவிடம் போய் நின்றேன். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இனிமே எதயாச்சும் சரிபண்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேளுடி" என்றாள்.

இவளை எதற்குக் கேட்க வேண்டும், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.