சட்டையில்லாமல் ஒரு படம் கேட்டார்

தஞ்சாவூரில் நடக்கவிருந்த புகைப்படக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு படம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வயலும் பெண்ணும் என்பது தலைப்பு. நான் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவள். எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் கிடையாது. ஒரே ஒரு சுவரில், ஒரே ஒரு படத்துக்குக் கீழே என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறாள். மெஷின் திரும்ப முடியாத மூலை முடுக்குக்கெல்லாம் ஆள் வேண்டியிருக்கிறதே! அவளை எடுத்ததில் இரண்டு படங்களை ஒதுக்கி வைத்திருந்தேன். ஒன்றில் அம்மா வரப்பில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நேராக கேமராவைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். புடவைக்கு மேல் என் தம்பியின் பழைய முழுக்கைச் சட்டை. எங்கள் பக்கம் வயலில் இறங்குகிற பெண்கள் எல்லோருமே வெயிலுக்கும் சேற்றுக்கும் இப்படி ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, வேலை முடிந்தபின் எடுத்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாய்க்காலில் குனிந்து முகம் கழுவுகிறாள். முகம் தெரியாது. சாயங்கால வெயில் முதுகில் விழுகிறது, தண்ணீரெல்லாம் மினுங்குகிறது. பார்க்க அழகான படம்தான்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கண்காட்சியின் ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கப் போனேன். மரியாதையான மனுஷர். உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, வரப்புப் படத்தைக் கையில் எடுத்தார்.

"மொகம் பிரமாதம் மேடம். ஆனா இந்தச் சட்டைதான் இடிக்குது. நம்ம பாரம்பரியம் வர மாட்டேங்குது. அம்மாவை ஒரு நாள் சட்டையில்லாம நிக்கச் சொல்லி எடுத்துடுங்களேன்."

அடுத்து வாய்க்கால் படத்தைத் தட்டினார்.

"இல்லேன்னா இதையே குடுத்துடுங்க. நொழையிற எடத்துலயே பெருசா மாட்டிடுறேன்."

வாயில் நல்ல நல்ல வார்த்தையாக வந்தது. அத்தனையையும் காபியோடு சேர்த்து விழுங்கினேன். ஏன்? நுழைகிற இடத்தில், பெரிதாக, என் பெயரோடு என்கிறாரே! அந்தச் சபலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வர்ற?"

நடந்ததைச் சொன்னேன்.

"சட்டை என்னா பண்ணுச்சாம் அந்தாள?"

"பாரம்பரியமா இல்லையாம்மா."

அம்மா அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டாள். அவளுடைய அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். மிராசுதார் தெருவில் நடந்தால் தோளில் துண்டுகூடக் கிடக்கக் கூடாது, கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் உடம்பில் சட்டை ஏறியதை அம்மா பார்த்ததே இல்லை.

"எங்கப்பாரு வெத்து ஒடம்போட நின்னாரே, அதான் அவருக்குப் பாரம்பரியமா? அந்தாளு சட்டையக் கழட்டிட்டு உச்சி வெயில்ல எறங்கி நடட்டும். நீ போயி படம் எடு, போ!"

"அப்ப வாய்க்கால் படத்தக் குடுக்கவாம்மா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். மீன் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கடி இருக்கேன்? முதுகுதான் இருக்கு."

வரப்புப் படத்தை அனுப்பினேன். சட்டையோடுதான், ஓரம்கூட வெட்டவில்லை. 'தலைப்புக்குப் பொருந்தவில்லை, மன்னிக்கவும்' என்று கும்பிடு போட்ட பொம்மையோடு பதில் வந்தது. அந்தக் கும்பிடைப் பார்த்ததும் போனைத் தூக்கி வாய்க்காலில் எறியலாம் போல இருந்தது.

கண்காட்சிக்குப் போகவே கூடாது என்று இருந்தேன். மனசு கேட்கவில்லை, போனேன். நுழைகிற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. வேறு யாரோ எடுத்தது. கையில் நாற்று முடியோடு ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். சட்டை இல்லை. முகமும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கை மணிக்கட்டு வரைக்கும் வெயிலில் கறுத்துக் கிடந்தது, அதற்கு மேல் வேறு நிறம். நித்தம் முழுக்கைச் சட்டை போடுகிறவளின் கை அது. படத்தின் ஓரத்தில், அவளுக்குப் பின்னால் வரப்பில், ஒரு நீலச் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு தூக்குவாளி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருங்கிணைப்பாளரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அங்கே கூட்டிவந்து, அந்த ஓரத்தில் விரலை வைத்தேன்.

"இது என்ன சார்?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அடடா, ஆமா மேடம். நான் கவனிக்கவே இல்ல. இத க்ராப் பண்ணியிருக்கலாம்."